மூழ்கிய கப்பலும் கட்டாத கோல்ஃப் மைதானமும்



சென்ற இதழில் சுற்றுலா வருமானம் பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் ஒன்று ஒரு கல்லூரி மாணவியுடையது. "ஆறு இல்லை, காடு இல்லை, பெரிய மலை இல்லை, எண்ணெய் இல்லை. இப்படி ஒரு நாடு இருந்தால், வெட்டவெளி விளையாட்டை நம்பி அது பிழைக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். அவர் கேட்டது ஒரு கற்பனை நாட்டைப் பற்றி. அச்சு அசலாக அப்படியே ஒரு நாடு இருக்கிறது, மால்டா. பதில் எழுத உட்கார்ந்தேன். கடிதத்துக்குள் அடங்கவில்லை என்பதால் இந்தப் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

சிசிலிக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி, மத்தியதரைக் கடலில் கிடக்கும் சிறு தீவுக்கூட்டம் அது. மால்டா, கோஸோ, கொமினோ என்ற மூன்றும்தான் சொல்லத்தக்க தீவுகள். மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் எல்லாவற்றையும் வைத்துவிட்டாலும் இடம் மிஞ்சும். மிக உயரமான மேடே 253 மீட்டர்தான். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் 5 லட்சத்து 19 ஆயிரம் பேர். வற்றாமல் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. குழாயில் வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுத்தது. தோண்டினால் சுண்ணாம்புக்கல், மேலும் தோண்டினாலும் சுண்ணாம்புக்கல். இந்த நாட்டுக்கு 2024இல் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்து போனார்கள்.

நமக்கும் அந்தத் தீவுக்கும் பழைய முடிச்சு ஒன்று உண்டு. 1878இல் ரஷ்யாவுக்குப் பூச்சி காட்டுவதற்காக, பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலிருந்து சுமார் ஏழாயிரம் சிப்பாய்களைக் கப்பலேற்றி மால்டாவில் இறக்கியது. அவர்களில் மெட்ராஸ் காலாட்படையினரும் மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினரும் இருந்தார்கள். சண்டை வரவில்லை. மால்டாவிலிருந்து சைப்ரஸுக்குப் போய், பிறகு ஊர் திரும்பினார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து மால்டாவின் பொருளாதாரம் முழுக்க முழுக்க இப்படிப்பட்ட போக்குவரத்தில்தான் ஓடியது. கப்பற்படை வரும், கப்பலைச் செப்பனிட வேண்டும், மாலுமி குடிப்பான், உண்பான், சலவைக்குப் போடுவான். துறைமுகத்தில் 'தைசா' என்ற சிறு படகை ஓட்டுபவர் மாலுமிகளைக் கரைக்கும் கப்பலுக்குமாக ஏற்றி இறக்கிப் பிழைத்தார். 1964இல் சுதந்திரம் வந்தது. 1979 மார்ச் 31 அன்று கடைசிப் பிரிட்டிஷ் படையும் வெளியேறியது. அதை விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த நாளில் வலேட்டா துறைமுகத்தில் படகுப் போட்டி நடக்கும். அந்தப் படகுகளில் தைசாவும் உண்டு. பிழைப்புக்காக வலித்த துடுப்பை இப்போது கோப்பைக்காக வலிக்கிறார்கள். மாலுமியோடு போன வருமானத்துக்கு ஈடாக நாடு கண்டுபிடித்த வழிகளில் ஒன்று சுற்றுலா. அந்தச் சுற்றுலாவுக்குள் ஒரு கிளையாகத்தான் கடல் விளையாட்டும் பாறை விளையாட்டும் வளர்ந்தன.

அந்தக் கிளையைப் புரிந்துகொள்ள ஒரு கப்பலின் கதை போதும்.

'உம் எல் ஃபரூத்' என்பது லிபியாவுக்குச் சொந்தமான எண்ணெய்க் கப்பல். நீளம் 110 மீட்டர். 1995 பிப்ரவரியில் பராமரிப்புக்காக மால்டாவின் உலர்துறையில் நின்றிருந்தபோது, இரவில் அதன் தொட்டிகளில் ஒன்று வெடித்தது. கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். சிறிய நாடு அது. ஒன்பது குடும்பம் என்றால் பாதி ஊருக்கு உறவு. கப்பலைச் சரிசெய்ய முடியாது என்று முடிவானது. மூன்று ஆண்டுகள் அது துறைமுகத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. 1998 செப்டம்பரில் அதைச் சுத்தம் செய்து, தென்மேற்குக் கரையில் ஸுரீக் என்ற சின்ன மீனவத் துறைக்கு அருகே இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள். தரை தட்டிய ஆழம் ஏறக்குறைய 35 மீட்டர். பின்னாளில் குளிர்காலப் புயலொன்று அதை இரண்டாக உடைத்தது. இன்று அதன் தளத்தில் பாசியும் மீனும் குடியிருக்கின்றன. உலகம் முழுவதிலுமிருந்து ஸ்கூபா முக்குளிப்பவர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். இறந்த ஒன்பது பேருக்கான நினைவுப் பலகையும் அங்கே நீருக்கடியிலேயே இருக்கிறது.

துயரத்தை விற்றுக் காசாக்கினார்கள் என்று இதைப் பார்த்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதை உடைத்துப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டிருந்தால் ஒருமுறை பணம் வந்திருக்கும், கதை முடிந்திருக்கும். இப்போது கால் நூற்றாண்டைத் தாண்டியும் அந்தத் துறையில் ஆள் வருகிறது. அந்தப் பெயர்களைப் படிக்கவும் ஒருவர் இறங்குகிறார். எந்தக் கல்லறைக்கு இத்தனை வருகையாளர்?

இது ஒன்றோடு நிற்கவில்லை. 1992இல் வடமுனையில் சிர்கேவ்வா அருகே 'ரோஸி' என்ற இழுவைப் படகை இறக்கினார்கள். 2006இல் கோஸோவின் தென்கரையில் 'கர்வேலா', 'கொமினோலேண்ட்' என்ற இரு பயணிகள் படகுகள் ஒரே நாளில் மூழ்கடிக்கப்பட்டன. 2007இல் பி29 என்ற ரோந்துக் கப்பல். அது முன்பு கிழக்கு ஜெர்மனியில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து தானாக மூழ்கியவை தனிக்கணக்கு. ஆறு இல்லாததால் கடலில் வண்டல் கலப்பதில்லை. நல்ல நாளில் நீருக்குள் 30 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரியும். இல்லாத ஆறுதான் இந்தத் தொழிலுக்கு முதலீடு. அந்த மாணவி தன் பட்டியலில் முதலில் எழுதியிருந்த குறை இது என்பதைக் கவனியுங்கள்.

ஸ்கூபாவில் இன்னொரு பொருளாதாரச் சூட்சுமம் இருக்கிறது. ஆழத்தில் மூச்சு விடும்போது உடலில் நைட்ரஜன் கரைகிறது. அது மெல்ல வெளியேறியாக வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால், காற்றழுத்தம் குறைந்து ரத்தத்தில் குமிழி கட்டும், உயிருக்கே ஆபத்து. பல முறை முக்குளித்தவர் விமானத்துக்குமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பரிந்துரை. பலரும் முழு நாளாகவே வைத்துக்கொள்கிறார்கள். ஆக, ஒவ்வொருவரும் கடைசி நாளைக் கரையில் கழித்தே தீர வேண்டும். அந்த நாளில்தான் கோட்டையைப் பார்க்கிறார். பாஸ்டிட்ஸி என்ற ரிக்கோட்டா பாலாடைக்கட்டி பப்ஸ் வாங்கித் தின்கிறார். வீட்டுக்கு ஏதாவது வாங்குகிறார். காலையில் வந்து மாலையில் கிளம்பும் பெரும் உல்லாசக் கப்பல் பயணியிடம் இந்த ஒரு நாள் கிடைக்காது. அந்த ஸுரீக் துறையிலேயே பாருங்கள்: நீலக் குகையைக் காட்ட வண்ணப் படகில் ஆள் ஏற்றும் படகோட்டி, முக்குளிப்பவரின் காற்று உருளையை நிரப்பும் பையன், டீக்கடைக்கு ஒப்பான சின்ன கஃபே, வேன் ஓட்டுநர். மருத்துவமனையில் தயாராக இருக்கும் உயர் அழுத்தச் சிகிச்சை அறையையும் இந்தச் சங்கிலியில் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் விவரம் தெரிந்தவர் எவரும் அத்தனை ஆழத்துக்கு இறங்கத் தயங்குவார்.

கோடையில் வெயிலுக்கும் கடற்கரைக்கும் ஆள் தானாக வரும். ஜூலை, ஆகஸ்டில் அறை கிடைக்காது. சிக்கல் குளிர்காலத்தில். ஹோட்டல்காரர் கடனுக்கு வட்டி பன்னிரண்டு மாதமும் கட்டியாக வேண்டுமே! அங்கேதான் மற்ற விளையாட்டுகள் கைகொடுக்கின்றன. சுண்ணாம்புப் பாறைச் செங்குத்துகளில் ஏறுவதற்கு அக்டோபர் முதல் மே வரைதான் ஏற்ற காலம். கோடையில் பாறை கையைச் சுடும். முதன்முதலில் அந்தப் பாறைகளில் கயிறு கட்டி ஏறியவர்களில் பலர் அங்கே பணியில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள். பாறை ஏறக் கட்டணம் கிடையாது. நுழைவுச் சீட்டும் கிடையாது. ஆனால் ஏறுபவர் தன் கயிற்றை மாட்டிக்கொள்ளப் பாறையில் அடிக்கும் ஆணியை யார் வாங்குவது? கடற்காற்றில் சாதாரண எஃகு ஆணி உள்ளுக்குள்ளேயே அரித்து ஒருநாள் சொல்லாமல் முறியும். டைட்டானியம் வேண்டும், அதன் விலை அதிகம். ஆர்வலர்கள் தங்கள் கைக்காசிலும் நன்கொடையிலும் அடித்துவைக்கும் ஆணியை நம்பி ஒரு பயணி வருகிறார். அவர் கொடுக்கும் வாடகை விடுதிக்காரருக்குப் போகிறது. பொருளாதார நூல்களில் இதற்கு நீளமான பெயர் இருக்கும். எளிய தமிழில், ஒருவர் உழ இன்னொருவர் அறுப்பது.

பாய்மரப் படகுப் பந்தயத்தில் பணம் கண்ணுக்குத் தெரியும். 1968இல் தொடங்கிய மிடில் சீ ரேஸ் ஒவ்வோர் அக்டோபரிலும் வலேட்டாவின் பெருந்துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது. சிசிலியைச் சுற்றி, மெஸ்ஸினா நீரிணை வழியாக, ஸ்ட்ரோம்போலி எரிமலையையும் பாண்டெலேரியா, லாம்பெடூஸா தீவுகளையும் கடந்து மறுபடி மால்டாவில் முடியும். 606 கடல் மைல். இதன் தொடக்கம் ஒரு சவால். பால் ரிப்பார்ட், ஜான் ரிப்பார்ட் என்ற மால்டா படகுக்காரர்களுக்கும் அங்கே குடியிருந்த ஜிம்மி ஒயிட் என்ற ஆங்கிலேயருக்கும் இருந்த போட்டிதான் பந்தயமாக வளர்ந்தது என்று சொல்வார்கள். முதல் பந்தயத்தில் ஜான் ரிப்பார்ட் வென்றார். 2021இல் 'கொமான்ச்சி' என்ற படகு 40 மணி நேரம் 18 நிமிடத்துக்குள் சுற்றி முடித்துச் சாதனை படைத்தது. கோடைக் கூட்டம் வடியும் நேரத்தில், ஒவ்வொரு படகுடனும் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு வந்து இறங்குகிறது. பாய் தைப்பவர், கயிறு விற்பவர், படகை நிறுத்த இடம் தருபவர் எல்லோருக்கும் வேலை. பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ மராத்தான் இருக்கிறது.

இனி, கட்டாத மைதானத்தின் கதை. என்னைக் கேட்டால், மால்டாவின் விளையாட்டுப் பொருளாதாரத்தில் எடுத்த நல்ல முடிவுகளில் முதலிடம் இதற்குத்தான்.

அந்த நாட்டில் கோல்ஃப் மைதானம் ஒன்றே ஒன்று. பிரிட்டிஷார் காலத்தில், 1888இல் தொடங்கிய மன்றத்தினுடையது; மார்ஸா என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டாவது ஒன்று வேண்டும் என்ற பேச்சு நெடுநாள் ஓடியது. வாதம் முழுக்கப் பொய்யில்லை: கோல்ஃப் ஆடுபவர் குளிர்காலத்தில் வருவார், பை கனமாக இருக்கும், பல நாள் தங்குவார். ரபாத் ஊருக்கு அருகே விளைநிலத்தில் திட்டம் வந்தது. விவசாயிகளும் சூழலியல் அமைப்புகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். நீண்ட இழுபறிக்குப் பின் 2004இல் திட்ட ஆணையம் அதை நிராகரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அரசே வடமேற்குக் கரையில் 'ஷாரா இல்-ஹம்ரா' என்ற வேறொரு இடத்தைக் கைகாட்டியது. மறுபடி போராட்டம். ஆறே இல்லாத, கடலைக் காய்ச்சிக் குடிப்பதற்கு நிகரான செலவில் தண்ணீர் எடுக்கும் நாட்டில், யாருக்காகப் புல்லுக்கு நீர் பாய்ச்சுவது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை. 2007இல் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பகுதி 'மயிஸ்ட்ரால்' இயற்கை, வரலாற்றுப் பூங்காவானது. ஏறத்தாழ ஆறு சதுர கிலோமீட்டர். மயிஸ்ட்ரால் என்பது அங்கே வீசும் வடமேற்குக் காற்றின் பெயர். இன்று அங்கே நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், பாறைக்குக் கீழே கயாக் துடுப்பு போடுகிறார்கள். தைம் பூக்கும் காலத்தில் தேனீக்கள் வருகின்றன. உள்ளூர்க்காரரும் கட்டணமில்லாமல் உள்ளே போகலாம்.

ஒரு தேசம் 'வேண்டாம்' என்று சொன்னதன் மதிப்பு எந்த ஆண்டறிக்கையிலும் ஏறாது. அதனால்தான் அதை இங்கே நீட்டிச் சொல்கிறேன்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு மறுபக்கத்தை விட்டால் அது நேர்மையாகாது. மால்டாவின் நாட்டுப்புறத்தில் நடக்கப் போனால், கற்சுவர்களில் வெள்ளைச் சுண்ணாம்பால் 'ஆர்.டி.ஓ.' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். உரிமையாளருக்கு மட்டும் என்று பொருள். பல இடங்களில் எழுதியவர் பறவை வேட்டைக்காரர். அந்த இடம் உண்மையில் அவருடையதா என்பது பல சமயம் வழக்காகவே இருக்கிறது. வசந்தகால வேட்டையைத் தொடரலாமா என்று 2015 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் வேட்டைத் தரப்பு வென்றது. 2020இல் மீஸீப், அஹ்ராஷ் என்ற இரு பொது வனப்பகுதிகளின் பராமரிப்பை அரசு வேட்டைக்காரர் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தபோது, நடப்பவர்களும் ஓடுபவர்களும் தெருவுக்கு வந்தார்கள். வேட்டையும் வெட்டவெளி விளையாட்டுதானே என்று வேட்டைக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். மற்ற எந்த விளையாட்டும் அடுத்தவரை உள்ளே வராதே என்று சொல்லி நடப்பதில்லை.

கொமினோ இன்னொரு பாடம். மூன்றரை சதுர கிலோமீட்டர் தீவு. குடியிருப்பவர் விரல்விட்டு எண்ணும் அளவு. அங்குள்ள நீலக் காயலின் படம் மால்டா விளம்பரங்களிலெல்லாம் வரும். படத்தில் ஆளில்லாத நீலநீர். நேரில் போனால் கோடையில் நிற்க இடமிருக்காது. சாய்நாற்காலிகளே பாறையை மூடிக் கிடந்தன. 2022இல் போராட்டக்காரர்கள் போய் அவற்றை அகற்றிக் காட்டினார்கள். கடைசியில் 2025இல்தான் முன்பதிவு முறை வந்தது. ஒரே நேரத்தில் 4,000 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அந்தச் சிறு காயலுக்கு நாலாயிரமும் அதிகம் என்பது என் எண்ணம். ஆனாலும் வரம்பு என்று ஒன்று வந்ததே, அதுவரை லாபம்.

கோஸோவின் த்வேய்ரா கரையில் கடலுக்குள் ஜன்னல்போல் நின்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் சரிந்தது. மால்டாவின் அடையாளமே போயிற்று என்று நாடே அழுதது. சுற்றுலா படுத்துவிடும் என்று பயந்தார்கள். 2016இல் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 2018இல் 26 லட்சத்தைத் தொட்டது. விழுந்த பாறைக்குவியலும் முக்குளிப்பவர்களுக்குப் புது இடமாகிவிட்டது. கூட்டம் குறைந்துவிடுமோ என்ற பயம் அந்த நாட்டுக்கு இனித் தேவையில்லை. கூடுவதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

எனக்குப் புரியாத முரண் ஒன்றும் உண்டு. இத்தனை விளையாட்டுக்கு இடம் தரும் நாடு, ஐரோப்பிய ஒன்றியத்தில் உடல்பருமன் மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. 5 லட்சம் மக்களுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள். 1883இல் ஓடத் தொடங்கிய ஒரே ரயிலையும் 1931இல் நிறுத்திவிட்டார்கள். சைக்கிள் ஓட்டுவது துணிச்சல்காரர் வேலை. விருந்தாளி பாறை ஏறுகிறார், வீட்டுக்காரர் காரில் சிக்னலுக்குக் காத்திருக்கிறார். உள்ளூரில் வீரர்கள் இல்லாமல் இல்லை. 1928 ஒலிம்பிக்கிலேயே நீர்ப்பந்து அணியை அனுப்பிய நாடு அது. நீல் அஜியஸ் 2021இல் இத்தாலியின் லினோஸா தீவிலிருந்து கோஸோ வரை 125 கிலோமீட்டருக்கு மேல் இரண்டு நாள் தாண்டி இடைவிடாமல் நீந்திக் கரையேறினார். 2023இல் ஐரோப்பியச் சிறு நாடுகளின் விளையாட்டுப் போட்டியைத் தானே நடத்தி, முதல்முறையாகப் பதக்கப் பட்டியலில் முதலிடமும் பிடித்தது. ஆனால் சில நூறு வீரர்கள் வேறு. ஒரு ஊர் மாலையில் வெளியே வந்து நடப்பது வேறு.

ஆகவே, மாணவிக்கு என் பதில்: வெட்டவெளி விளையாட்டு மட்டும் ஒரு நாட்டுக்குச் சோறு போடாது. மால்டாவுக்கும் போடவில்லை. அதன் வருமானத்தில் ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களுக்கும் நிதிச் சேவைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனால் குளிர்கால வாடகைக்கும், ஸுரீக் போன்ற துறைகளின் படகுக்கும், வேலை தேடி இளைஞர்கள் வெளியேறும் கோஸோவுக்கும் விளையாட்டு கைகொடுக்கிறது. அதற்கு அந்த நாடு கொட்டிய முதல் மிகக் குறைவு: சில பழைய கப்பல்கள், கொஞ்சம் ஆணி, கட்டாமல் விட்ட ஒரு கரை. அந்தக் கரையைப் பூட்டினாலும் கெடும், வரம்பின்றித் திறந்துவிட்டாலும் கெடும். இரண்டுக்கும் நடுவில் யார் காவல் நிற்பது என்பதில் அவர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போக நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஷெங்கன் விசா வேண்டும். ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். அக்டோபர் நல்லது, கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மயிஸ்ட்ராலில் நடக்கும்போது தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். ஸ்கூபா பழகியவர்கள் கடைசி முக்குளிப்புக்கும் திரும்பும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு நாள் விடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்